நாளைக்கு வரேன்

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வரேன்' என்று சொல்லக் கூடாது. மற்ற வீடுகளில் 'போறேன்' என்றால் திட்டு விழும், 'போய்ட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் மட்டும் இரண்டுமே ஆகாது. பேசாமல் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். அந்த அக்காவுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அதை முதலில் கேட்டது ஓர் ஆட்டோக்காரர் வீட்டில். மந்தைவெளியில் நான் நடத்திவந்த மாவு மில்லுக்கு நாலு வீடு தள்ளி அவர் குடியிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவருடைய அம்மா இறந்த மறுநாள், துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் வாடகை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். ஆட்டோக்காரர் பெரிய உடம்புக்காரர். தெருவில் அவர் குரலுக்கு எல்லோரும் பயப்படுவார்கள். அவர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் "அழாதப்பா, அழாதப்பா" என்று அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

சுவரோரமாக உட்கார்ந்திருந்த இந்த அக்கா, "அழட்டுமே. உங்க வீட்டு லாரித் தண்ணியா செலவாவுது?" என்றார்.

அந்த வருஷம் குழாயில் தண்ணீர் வராமல் தெருவே குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்தது. இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்து, துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். பெரியவர் கையை எடுத்துவிட்டார். அக்கா எழுந்து, தன் பெரிய வயர் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆட்டோக்காரரைப் பார்த்துச் சொன்னார்:

"நாளைக்கு மூணு மணிக்கு வரேன்."

அழுதுகொண்டிருந்த ஆட்டோக்காரர் தலையைத் தூக்கினார்.

"இன்னாம்மா சொன்ன? மறுபடி வர்றதுக்கு இங்க இன்னா கீது? இன்னொரு பொணம் வுழணுமா?"

"மூணு மணிக்கு" என்று மறுபடியும் சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார்.

மறுநாள் மூன்று மணிக்கு அவர் வந்தார். ஆட்டோக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஆட்டோக்காரர் வெளியே வந்து இறங்கச் சொன்னார். வண்டியை எடுக்கணும் என்றார். அதற்கு அக்கா, எடு, நானும் பனகல் பார்க் வரைக்கும் போகணும், கூடை கனமாயிருக்கு என்றாராம். அன்று போகும் வழியெல்லாம் தான் வாய் ஓயாமல் அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டு போனதாகவும், அக்கா ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கேட்டுக்கொண்டே வந்ததாகவும், தி.நகரில் இறங்கும்போது மறுநாள் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதாகவும் ஆட்டோக்காரர் பின்னால் என்னிடம் சொன்னார்.

அதிலிருந்து தெருவில் அவருக்கு 'வரேன் அக்கா' என்று பெயர் வந்துவிட்டது. கேலியாகத்தான் வைத்தார்கள். கேலி எப்போது போனது என்று சொல்லத் தெரியவில்லை, பெயர் மட்டும் நின்றது.

அவர் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். தி.நகர் ஜவுளிக்கடைகளிலிருந்தும் மயிலாப்பூர், அடையாறு வீடுகளிலிருந்தும் புடவைகளை வாங்கிவந்து, ஃபால்ஸ் வைத்து, ஓரம் அடித்து, முந்தியில் முடிச்சுப் போட்டுத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பார். இருபது நிற நூலையும் கழுத்தைச் சுற்றிப் போட்டிருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் மேடையில் மாலை போட்டுக்கொண்டவரைப் போலிருக்கும். ஊசி எப்போதும் ஜாக்கெட்டின் தோளில் குத்தியிருக்கும். வாயில் ஒரு கிராம்பு.

கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார். அக்காவும் அவர் தங்கையும் சந்துக்குள் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். தங்கைக்குக் காது கேட்காது, பேச்சும் கிடையாது. புடவையை மடிக்க இரண்டு பேர் வேண்டும். தைத்து முடித்த புடவையை அக்கா ஒரு முனையிலும் தங்கை மறுமுனையிலுமாகப் பிடித்து இழுத்து நிறுத்துவார்கள். தங்கை ஒரு தடவை வெடுக்கென்று இழுத்தால் 'சரி, மடி' என்று அர்த்தம். இரண்டு தடவை இழுத்தால் 'சுருக்கம் இருக்கு, பொறு'. பிறகு இருவரும் எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்ப்பார்கள். மில்லுக்கு வரும் போகும் வழியில் இதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தில் ஆறு கஜம் நீளத்துக்கு இடம் கிடையாது என்பதால் தங்கை வாசலைத் தாண்டித் தெருவில் நிற்பார். சைக்கிள்காரர்கள் மணியடிப்பார்கள். அவருக்குக் கேட்காது. புடவைக்கு அடியில் குனிந்து போவார்கள்.

துக்க வீடுகளுக்கும் அக்கா இந்தப் புடவைகளோடுதான் போவார். ஆறுதல் சொல்லி நான் கேட்டதில்லை. கூடையிலிருந்து ஒரு புடவையை எடுத்து உதறி, ஒரு முனையை நீட்டுவார். "பேச்சு வேணாம். முனையப் புடிங்க." உட்கார்ந்தே கிடப்பவர்கள் அதற்காக எழுந்து நிற்க வேண்டும், நாலு அடி நடக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு புடவை, மூன்று புடவை. முடிந்ததும் எழுந்து, நாளைக்கு எத்தனை மணி என்று சொல்லிவிட்டுப் போவார். சொன்ன மணிக்கு வருவார். பத்து நாள், பதினைந்து நாள், சில வீடுகளில் மாசக் கணக்கில்.

எந்த வீட்டில் துக்கம் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று பலர் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். அதில் பாதி என் வேலை.

மில்லில் மூன்று அடுக்குப் பலகை இருந்தது. வாடிக்கை வீடுகளின் டின்கள் அதில்தான் வரிசையாக இருக்கும். பிஸ்கட் டின், எண்ணெய் டின், பால்பவுடர் டின். மூடியில் நெயில் பாலீஷால் எழுத்து போட்டிருப்பார்கள். நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். எழுத்தைப் பார்ப்பதைவிட எந்த டின் எந்த இடத்தில் இருக்கும் என்று பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் பலகையில் இடமே இருக்காது. முறுக்கு மாவு, அதிரச மாவு, கடலை மாவு. வருஷத்தில் சாவு விழுந்த வீட்டில் பண்டிகை கிடையாது. அந்த டின் வராது. அதன் இடம் மட்டும் பல் விழுந்த மாதிரி காலியாக இருக்கும்.

ஒரு தீபாவளிக்கு அக்கா வந்து பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலி இடத்தைக் கைகாட்டிப் புருவத்தை உயர்த்தினார். நான் தெருப் பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான். அடுத்த காலி இடம். அதையும் சொன்னேன். துக்கம் நடந்த அன்று கூட்டம் இருக்கும், தீபாவளி அன்றைக்குத்தான் தம்பி ஒருத்தரும் இருக்க மாட்டாங்க என்றார்.

ஒரு வருஷம் இதில் ஒரு தப்பு செய்தேன். குளத்தங்கரைப் பக்கம் ஒரு மாமி, ரிட்டயர்டு கணக்கு டீச்சர். தனியாக இருந்தார். அவர் வீட்டுப் பச்சை டின் வரவில்லை. அக்கா கேட்டதும் வீட்டைச் சொல்லிவிட்டேன். அக்கா போய் மாமி எதிரே அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். மாமியும் ஏதோ புடவை விஷயம் என்று நினைத்துக் காபி கொடுத்திருக்கிறார். கிளம்பும்போது அக்கா வழக்கம்போல, நாளைக்கு நாலு மணிக்கு வரேன், அழணும்னு தோணினா அடக்காதீங்க என்றிருக்கிறார். எதுக்கு அழணும் என்று மாமி கேட்க, உங்க வீட்ல யாரு போனாங்க என்று இவர் கேட்டிருக்கிறார்.

"என் பொண்ணு போயிருக்கா. அமெரிக்காவுக்கு."

அடுத்த கால் மணி நேரத்தில் மாமி என் மில் வாசலில் நின்றார்.

"ஏம்ப்பா, எங்காத்து டின் வரலைன்னா எங்காத்துல யாரோ போய்ட்டான்னு அர்த்தமா? முறுக்கு திங்கறவ ஊர்ல இல்லைன்னு நான் பண்ணலை. முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்குடுத்திருக்கேன், இப்படி ஒரு விடையை எந்தக் கடைசி பெஞ்சுக்காரனும் எழுதினதில்லை."

பதில் சொல்ல எனக்கு வாய் வராது. யார் முகத்தைப் பார்த்துப் பேசினாலும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்கு மில் எனக்கு வசதியாக இருந்தது. மெஷின் ஓடும்போது யாரும் பேச்சை எதிர்பார்க்க மாட்டார்கள். பேசியே ஆக வேண்டுமென்றால் கத்தினால் போதும். அன்றும் காலி மெஷினை ஓட விட்டேன். மாமி உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. ஓய்ந்து போய்விட்டார்.

மறுநாள் மாலை மாமி மறுபடியும் வந்தார். மெஷின் சுவிட்சுக்கு என் கை போனது.

"அதைத் தொடாதே. மணி நாலு அஞ்சாறது. நாலு மணிக்கு வரேன்னு சொல்லிண்டு போனாளே, காணமே?"

அக்கா தப்பு தெரிந்ததால் வர வேண்டாம் என்று இருந்துவிட்டார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். வந்தார். அன்று அவர்கள் எத்தனை புடவை மடித்தார்களோ தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு மாமியும் அவரும் சிநேகிதர்கள். மாமி ஒருநாள் மில் வாசலில் வைத்தே அவரைக் கேட்டார். "ஏன் இப்படி அபசகுனமா வரேன்னு சொல்லிண்டு போறேள்? பேசாம போய்ட்டு மறுநாள் வந்தா ஆகாதா?"

அக்கா கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"எங்க வீட்டுக்காரர் போனப்ப வந்தவங்க எல்லாரும் சகுனம் பாத்து சொல்லாம போனாங்க மாமி. அப்படியே வராமயும் போயிட்டாங்க. வாய் தொறந்து சொல்லிட்டா வந்துதான ஆவணும்? எனக்கு நானே மாட்டிக்கிற கொக்கி அது."



அக்காவுக்கு நான் ஏன் டின் பார்த்துச் சொன்னேன் என்பதைச் சொல்ல வேண்டும். அவர் என் வீட்டுக்கும் வந்திருக்கிறார்.

என் மனைவி இறந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. குழந்தை இல்லை. அவள் என்னை அதிகம் கேலி செய்வாள். காலையில் மில்லுக்குக் கிளம்பும்போது நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவேன். "வரேன்னு ஒரு வார்த்தை சொன்னா பல்லு கொட்டிடுமா?" என்பாள். எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருப்பாள், எனக்குக் கூச்சமாக இருக்கும். தலையை இன்னொரு தடவை ஆட்டுவேன். சிரிப்பாள்.

மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பொம்பளைகள் வார்டு. பத்துப் பன்னிரண்டு கட்டில். மாலையில் பார்வையாளர்கள் போக மணி அடித்தது. நான் எழுந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். சுற்றிலும் அத்தனை பேர். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

மில்லைப் பூட்டிவிட்டேன். காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் ஊருக்குப் போனார்கள். நான் பேசாதவன் என்பதால் தெருக்காரர்கள் வந்தாலும் சங்கடப்பட்டுக்கொண்டு சீக்கிரம் எழுந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அக்கா மட்டும் பதினொரு மணிக்கு வருவேன் என்றால் பதினொரு மணிக்கு வந்து புடவை முனையை நீட்டுவார். முதல் மூன்று நாள் நான் எழுந்திருக்கவில்லை. புடவையைச் சுருட்டிக் கூடையில் போட்டுக்கொண்டு, நாளைக்குப் பதினொண்ணு என்று போய்விடுவார். நாலாம் நாள் வாசலில் அவர் தங்கையைக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தார். தங்கை நேராக உள்ளே வந்து, என் கையைப் பிடித்துத் தூக்கி, முனையை அதில் திணித்துவிட்டு, விரலை ஆட்டி என்னை அதட்டினார். நான் எழுந்து நின்றேன். அன்று ஒரு புடவை மடித்தேன். மாம்பழ நிறப் பருத்திப் புடவை. யாருடையதோ.

ஒருநாள் வாசல் வழியே போன ஆட்டோக்காரர் நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். "இன்னா நைனா, மில்ல மூடிட்டு பொடவக் கடை போட்டுக்கினியா? நல்லா புடி. நானு இவங்க கையில ஒரு மாசம் புடிச்சவன்."

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, புடவைக்கு அந்த முனையில் அக்கா நிற்க, இந்த முனையிலிருந்து நான் சொன்னேன். ஆறு கஜம் தூரத்தில் இருந்ததால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வரேன் என்று சொல்லாமல் வந்துவிட்டதைச் சொன்னேன். எதிரெதிரே நடந்து வந்தோம். முனைகள் சேர்ந்தன. அக்கா என் கையிலிருந்து முனையை வாங்கிக்கொண்டார்.

"மறுநாள் போனீங்களா?"

"போனேன். காலைல ஆறு மணிக்கே."

"அப்ப வந்துட்டீங்கல்ல. சொல்லிட்டு வராதவங்க எத்தனையோ பேர் தம்பி. நீங்க சொல்லாமயே வந்தவரு."

அடுத்த புடவையை உதறினார். அடுத்த வாரம் மில்லைத் திறந்தேன். முதலில் வந்தது மிளகாய். மிளகாய் அரைக்கும்போது அழுதால் யாருக்கும் தெரியாது. அதை அனுப்பியதும் அக்காதான் என்று பிறகு தெரிந்தது.

இரண்டு வருஷம் கழித்து அந்தத் தங்கை இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தவர், மூன்றே நாள்.

பால் தெளித்த அன்று மாலை அந்தச் சந்தில் நிற்க இடமில்லை. கோபாலபுரம், அடையாறு, சிந்தாதிரிப்பேட்டை என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். அக்கா யார் யார் வீட்டிலெல்லாம் முனையை நீட்டியிருக்கிறார் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். உள்ளே அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் நூல் இல்லை. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. மூலையில் வயர் கூடை காலியாகக் கிடந்தது. தீட்டு வீடு என்பதால் கடைக்காரர்கள் புடவைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். வெறும் கையோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். பேசாமல் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். அக்கா ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தார். அவர்கள் வாசலைத் தாண்டும் வரைக்கும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்தவர் எழுந்ததும் மறுபடி நிமிர்ந்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எல்லோருக்கும் புரிந்திருக்கும். இருந்தும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நமக்கு ஒருவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டுவிடலாம். நாம் போய் அவருக்குச் சொல்லி, அந்த வார்த்தையால் அவருக்கே ஏதாவது ஆகிவிட்டால்? அந்த வீட்டில் மிச்சமிருப்பது அவர் ஒருவர்தானே. அந்தப் பயம்தான். அன்பினால் வந்த பயம், ஆனால் அதனால் அந்த வீடு காலியாகிக்கொண்டிருந்தது.

நானும் எழுந்தேன். அவர் நிமிர்ந்தார்.

வாசல்படி வரைக்கும் போய்விட்டேன். ஒரு செருப்பைப் போட்டுவிட்டேன். வார்டும் கட்டில்களும், மணிச் சத்தமும், என் மனைவி பார்த்த பார்வையும் நினைவுக்கு வந்தன. இப்போதும் சுற்றிலும் அத்தனை பேர். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் கழுத்து அசைந்தது. அக்கா தலையைக் குனியத் தொடங்கினார்.

"அக்கா, நாளைக்கு வரேன்."

எனக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஒன்று பேச மாட்டேன், பேசினால் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். சந்து முழுக்கக் கேட்டது. தெருமுனை வரை போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. காது இரண்டும் சுட, ஒற்றைச் செருப்போடு நின்றேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூன்று நாளாக அவர் பேசவில்லை என்று சொல்லியிருந்தார்கள். தொண்டையைச் செருமினார்.

"எத்தனை மணிக்கு?"

மணியைச் சொல்ல மறந்திருந்தேன். "பதினொண்ணரைக்கு" என்றேன்.

பிறகு உள்ளே தூணோரமாக உட்கார்ந்திருந்த மாமி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஒம்பது மணி என்னோடது. காலம்பறவே வந்துடுவேன், அப்பறம் வெயில் எனக்கு ஒத்துக்காது. என் புடவை பதினாலு இருக்கு, எல்லாத்துக்கும் புது ஃபால்ஸ் வைக்கணும். கொண்டு வரேன்."

மாமியோடு வந்திருந்த உறவுக்காரப் பெண், தீட்டு வீட்டிலேயா என்று மெதுவாக அவர் காதில் சொன்னது எனக்குக் கேட்டது. மாமி திரும்பிப் பார்த்து, "கட்டிக்கப் போறவ நானா நீயா?" என்றார்.

வாசலில் ஆட்டோக்காரர் குரல். "அப்போ எனுக்கு இன்னாக்கா டைமு? காலைல ஸ்கூல் சவாரி கீது. மூணு மணிக்கு வர்றேன். மூணு மணி என்னுதுதான், யாரும் கை வைக்காதீங்க."

போனவர்கள் திரும்பி வந்தார்கள். அடையாற்றிலிருந்து வந்த ஒரு தகப்பனார், மகனைப் பறிகொடுத்தவர், ஐந்து மணி கேட்டார். ஐந்து மணியை இன்னொரு அம்மாள் ஏற்கெனவே கேட்டிருந்தார். அந்த அம்மாள் ஆறுக்குத் தள்ளிப்போனார். சிந்தாதிரிப்பேட்டைக்காரர் ஒருவர், தினமும் முடியாது, செவ்வாயும் வெள்ளியும் வரேன் என்றார். சாவு வீட்டில் அத்தனை பேரும் 'வரேன்', 'வரேன்' என்று சொல்லிக்கொண்டு ஒரே இரைச்சல். கல்யாண வீட்டு வாசல்கூட அவ்வளவு கலகலப்பாக இருக்காது. சகுனம் பார்க்கும் கிழவர் ஒருவர் எதிர்த் திசையில் வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழாதே என்று ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் பதினொன்றரைக்கு மில்லை நிறுத்திவிட்டுப் போனேன். மாமி கொண்டுவந்த புடவைகள் அடுக்கியிருந்தன. அக்கா கழுத்தில் பச்சை நூல் ஒன்று மட்டும் தொங்கியது. மேலே இருந்த புடவையை அவர் உதறுவதற்குள் நான் முனையைப் பிடித்துவிட்டேன். இடம் போதாமல் பின்னாலேயே நடந்து வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்து நின்றேன். ஒரு சைக்கிள் மணியடித்தது. நகரவில்லை. சைக்கிள்காரர் குனிந்து போனார். நான் ஒரு தடவை வெடுக்கென்று இழுத்தேன். அக்கா ஒரு நொடி அசையாமல் நின்றார். பிறகு நடந்து வந்தார்.

பதினாறு நாள் கழிந்து, ஒரு திங்கட்கிழமை காலை மில் வாசலில் நிழல் தெரிந்தது. தோளில் வயர் கூடை. கழுத்தில் எல்லா நிற நூலும். வாயில் கிராம்பு.

"தம்பி, அடையாறுல ஒரு வீடு. சம்சாரம் போயி ஒரு மாசமாச்சாம், அந்த மனுஷன் கதவையே தொறக்கறதில்லையாம். எனக்கு இப்ப முனை புடிக்க ஆள் இல்ல. வரீங்களா?"

மெஷினை நிறுத்தி, ஷட்டரை இறக்கினேன். ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டார்.

அந்த வீட்டில் கதவு திறக்கவே ஒரு மணி நேரமானது. உள்ளே என் வயதுக்காரர் ஒருவர் தாடியோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய அண்ணன் ஒருவர் ஊரிலிருந்து வந்திருந்தார். அக்கா புடவையை உதறினார். நான் ஒரு முனை, அக்கா ஒரு முனை. மடித்துக் காட்டினோம். அந்த மனிதர் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார், எழவில்லை. முதல் நாள் யாரும் எழ மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

கிளம்பினோம். அக்கா கூடையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார்.

அந்த வீட்டில் மெஷின் சத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு ஒரே குரல்தான்.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு வரோம்."

அண்ணன்காரர் முகம் சிவந்து எழுந்தார். தாடிக்காரர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"பதினொரு மணிக்கு" என்று மறுபடியும் சொன்னேன்.